சிறு படகுத்துறைகளைக் காப்பாற்றுங்கள்

2022 செப்டம்பர் 28 அன்று இயான் புயல் ஃபுளோரிடாவின் தென்மேற்குக் கரையைத் தாக்கியது. ஃபோர்ட் மையர்ஸ் பகுதியில் படகுகள் கரையேறி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மெரினா எனப்படும் படகுத்துறைகளை நடத்துவோரின் கவலை அன்றோடு தீரவில்லை.

படகைக் கட்டிவைக்க இடம் தருவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. எரிபொருள் நிரப்ப வேண்டும், படகின் கழிவுநீரை உறிஞ்சி எடுக்க வேண்டும், அடிப்பாகத்தைக் கழுவும்போது உதிரும் செம்பு கலந்த பெயின்ட் கடலில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மிதவை மேடைகள் தூண்களைப் பற்றியபடி நீரோடு ஏறி இறங்குபவை. புயல் வெள்ளம் தூணின் தலையைத் தாண்டினால், மேடை கழன்று, கட்டிய படகுகளோடு மிதந்து போய்விடும். தூண்களை உயர்த்தினால் தப்பலாம். பணம்தான் இல்லை. காப்பீட்டுச் செலவு கழுத்தை நெரிக்கிறது, நல்ல மெக்கானிக் கிடைப்பதோ குதிரைக்கொம்பு.

இத்துறைகளை வாங்கப் பெருமுதலீட்டாளர்கள் காத்திருக்கிறார்கள். படகுத்துறைகளை நடத்தும் சேஃப் ஹார்பர் மெரினாஸ் நிறுவனம் 2020இல் சுமார் 210 கோடி டாலருக்கும், 2025இல் 565 கோடி டாலருக்கும் கைமாறியது. முதலீட்டை நாம் குறை சொல்லவில்லை. சிறு படகு வைத்திருப்பவருக்கு இடமில்லாமல் போய்விடுமோ என்பதே நம் அச்சம்.

பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் படகுத்துறைகளுக்கு, தற்போதைய பயன்பாட்டை வைத்தே சொத்துவரி மதிப்பிட ஃபுளோரிடா வாக்காளர்கள் 2008இல் ஒப்புதல் தந்தார்கள். நல்ல முடிவு. அதே துறைகளுக்குத் தூண் உயர்த்தக் குறைந்த வட்டியில் கடனும் மாநில அரசு தர வேண்டும்.