எவர் ஆணைப்படி எவர் வாழ்வு?

"பிறர் ஊட்டினால் உண்பவனுக்குத் தனி வாழ்வா? அவனுக்கு எதற்குச் சுதந்திரம்?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் கொடியவரல்லர், இரக்க நெஞ்சம் படைத்தவர்தாம். அந்த இரக்கத்தைத்தான் இன்று சற்றே உரைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே எட் ராபர்ட்ஸ் என்றோர் இளைஞர். 1953-இல், 14 வயதில், இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கிற்று. ஒரு கையில் இரு விரல்களும், காலில் சில விரல்களுமே அசைந்தன. இரவிலே 'இரும்பு நுரையீரல்' எனும் எந்திரப் பெட்டிக்குள் படுத்தே மூச்சுவிட வேண்டும். படிப்புக்கு உதவி கேட்ட அவரை, எந்த வேலைக்கும் ஆகாதவர் என்று ஒதுக்கியது மாநில மறுவாழ்வுத் துறை! விட்டாரா? போராடி உதவி பெற்று, 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எந்திரத்துக்கு விடுதியில் இடமில்லை. பல்கலைக்கழக மருத்துவமனையே அவருக்கு விடுதியாயிற்று. அவர் வழியே வேறு சிலரும் வந்தனர். 1972-இல் அவ்வூரிலே சுதந்திர வாழ்வு மையம் எழுந்தது. உதவியாளரைத் தேடித் தருவது, சக்கர நாற்காலியைப் பழுது பார்ப்பது எல்லாம் அங்கு உண்டு, நடத்தியவரோ மாற்றுத்திறனாளிகளே. 1975-இல், 'ஆகாதவர்' என்ற அதே துறைக்கு ராபர்ட்ஸ் இயக்குநரானார்!

அவர்கள் கேட்டது உதவியே இல்லாத வாழ்வையா? அன்று. அமைச்சர் தம் காரைத் தாமே ஓட்டுவதில்லை. ஆலை முதலாளி தம் வேட்டியைத் தாமே வெளுப்பதில்லை. அவர்களை 'அண்டிப் பிழைப்போர்' என்று எவரேனும் சொன்னதுண்டா? இல்லை. ஏனெனில் உதவி அங்கே அவர்களது ஆணைக்குக் காத்து நிற்கிறது. காப்பகத்திலோ, பணியாளர் முறை மாறும் நேரமே அங்கிருப்பவன் உறங்கும் நேரம். சமையற்கட்டு தீர்மானிப்பதே அவன் பசி. உதவியாளரைத் தேர்வதும், வேலை சொல்வதும், வேண்டாமெனில் மாற்றுவதும் அவன் கையில் இருக்கட்டும் என்பதே பெர்க்லியின் கோரிக்கை. "தெருவிலே விழுந்துவிட்டால்?" என்பீர். விழலாம், நாம் விழுவதில்லையா? வீண் செலவு செய்யவும், தவறான நண்பனை நம்பவும் நமக்குள்ள உரிமை அவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

இவ்வுரிமை எவரும் தட்டில் ஏந்தித் தந்ததன்று. அரசு நிதி பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கலாகாது என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது 1973-இல். அதற்கான விதிகளோ நான்காண்டுகள் கையொப்பமின்றிக் கிடந்தன! 1977 ஏப்ரல் 5 அன்று, ஜூடி ஹியூமன் முதலானோர் தலைமையில் நூற்றுக்கு மேற்பட்டோர் சான்பிரான்சிஸ்கோவின் அரசு அலுவலகத்தில் அமர்ந்தனர். தொலைபேசி துண்டிக்கப்பட்டது. கறுப்புச் சிறுத்தைகள் கட்சித் தோழர்கள் சூடான உணவு சுமந்து வந்தனர் என்பதை நம்மவர் கருத்தில் கொள்ள வேண்டும். ஏப்ரல் 28 அன்று கையொப்பம் விழுந்தது.

நம் நாடோ, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் ஐ.நா. உடன்படிக்கையை 2007-இல் ஏற்றது. 2016-இன் சட்டமும் அவர்களுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டென்கிறது. அதற்கு வேண்டிய உதவியாளரை அரசு தருமா? தர 'முயலும்' என்கிறது ஐந்தாம் பிரிவு! கூலி உயர்வு தர 'முயல்வேன்' என்று முதலாளி சொன்னால், நம் சங்கத் தோழர் வேலைநிறுத்தத்தைக் கைவிடுவாரா?

வாக்குக் கேட்டு வீடுவீடாகச் செல்லும் தோழர்களே! திண்ணையிலேயே திரும்பிவிடாதீர்கள். உள்ளறையில் இருப்பவரிடமும் சென்று பேசுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்பதை, அவர் பெற்றோரிடமோ அண்ணனிடமோ அன்று, அவரிடமே கேட்டு எழுதி வாருங்கள்.