யார் பேரில் யார் கணக்கு?

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து நிறுக்கும் வேளையை அறியாத மலையக வாசகர் இரார். பெண்கள் வரிசையில் நிற்பர். கொழுந்து தராசில் ஏறும். நிறை அவரவர் பெயருக்கு நேரே பதியப்படும். குறித்த நிறை வந்தால் முழுப் 'பேர்'; குறைந்தால் 'அரைப் பேர்'தான். ஒருத்தியின் நிறை மற்றொருத்தியின் பெயரில் விழுந்துவிட்டால், தராசின் மீதும் குற்றமில்லை, கொழுந்தின் மீதும் குற்றமில்லை. ஆயினும் ஒரு நாள் உழைப்புப் பறிபோகிறது.

இத்தகைய விபரீதம் இணையத்தளங்களிலும் நேர்வதுண்டு. தம் கணக்கினுள் நுழைந்தவர் முன்னே, முன்பின் அறியாத ஒருவருடைய பெயரும் விபரமும் தோன்றும். கணினி கற்கும் நம் மாணவர்கள் பொருட்டு இதன் காரணத்தை இவ்வாரம் ஆராய்வோம்.

இணையத்தளத்திற்கு ஒவ்வொரு வேண்டுகோளும் புதியதே. வந்தவர் யார் என்பதை அது தானாக நினைவில் வைப்பதில்லை. ஆகவே கடவுச்சொல்லைச் சரிபார்த்ததும் அவருக்கு ஓர் இரகசிய எண் அளிக்கப்படுகிறது. 'குக்கீ' என்னும் சிறு சீட்டில் அதனை வைத்திருந்து, உலாவி ஒவ்வொரு முறையும் காட்டுகிறது. இத்தொடர்பையே அமர்வு என்பர். மற்றொரு புறம், பலரும் கேட்கும் பக்கத்தை அடிக்கடி புதிதாக ஆக்குவது வீண் வேலையாதலால், அதன் பிரதியைக் 'கேஷ்' எனப்படும் பதுக்கு நினைவகத்தில் வைத்து வழங்குவர். எல்லார்க்கும் பொதுவான பக்கத்திற்கு இது நன்று. ஒருவருக்கே உரிய பக்கம் பொதுப் பிரதியாகிவிட்டாலோ, தீங்கு தொடங்கிற்று.

2015 டிசம்பர் 25 அன்று 'ஸ்டீம்' என்னும் கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் நிகழ்ந்தது இதுவே. போலி வேண்டுகோள்கள் வெள்ளமாக வந்து தாக்கின. அவற்றைச் சமாளிக்க அவசரமாக மாற்றிய பதுக்கு விதி ஒன்று, தனியார் பக்கங்களையும் பிரதி எடுத்துப் பிறருக்குக் காட்டிவிட்டது. ஏறத்தாழ 34,000 பேரின் விபரங்கள் பிறர் பார்வைக்கு உள்ளாகியிருக்கலாம் என நிறுவனமே அறிவித்தது. அவற்றுட் சிலருடைய முகவரியும் மின்னஞ்சலும் அடங்கும்.

2023 மார்ச் 20 அன்று 'சட்ஜிபிடி'யில் நேர்ந்தது வேறு வகை. 'ரெடிஸ்' என்னும் பதுக்குக் களஞ்சியத்தோடு பேசும் நிரலில் ஒரு வழு இருந்தது. வேண்டுகோள் சென்றபின், விடை வருமுன் அது கைவிடப்பட்டால், அவ்விடை அதே இணைப்பில் அடுத்து வந்தவரிடம் சேரக்கூடியதாயிற்று. சிலர் பிறருடைய உரையாடல் தலைப்புகளைக் கண்டனர். தராசில் கொழுந்தை வைத்தவள் அகன்றுவிட, அந்நிறை பின்னால் நின்றவளின் பெயரில் விழுவதை ஒத்தது இது.

பிழையைக் காண்பது எங்ஙனம்? இரண்டு உலாவிகளில் இரு வேறு கணக்குகளால் நுழைந்து, ஒரே பக்கத்தைத் திறந்து பார்க்க. பதுக்கு நினைவகத்தை நிறுத்தியதும் குழப்பம் நீங்கினால், முதலில் அங்கேயே தேடுக. நீங்காவிடின், எல்லார்க்கும் பொதுவான மாறி எதிலேனும் தனியொருவர் விபரம் வைக்கப்பட்டுள்ளதா என நிரலில் ஆராய்க.

பரிகாரமும் அரிதன்று. தனியார் பக்கங்களுக்கு, பிரதி வைக்காதே எனப் பொருள்படும் 'நோ-ஸ்டோர்' கட்டளையை இடுக. குக்கீ வழங்கும் விடையைப் பொதுப் பிரதியாக வைத்தல் ஆகாது. சேமித்தே தீரவேண்டுமாயின், சரிபார்த்த பயனர் எண்ணையும் பிரதியின் அடையாளத்தோடு சேர்க்க. பிழை வெளிப்பட்டதும் பிரதிகளை அழித்து, அனைவரையும் வெளியேற்றி, மீண்டும் நுழையச் செய்க.

பிறர் பக்கம் நம் கண்முன் தோன்றினால், அதனைப் படியாது, படம் பிடியாது, வெளியேறித் தளத்தாருக்கு அறிவிப்பதே பண்பு. நம்முடைய பக்கம் இன்னொருவர் கையில் இருந்தால், அவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுதானே!

விரைவு வேண்டியதே. ஆனால் நிறையை எழுதுமுன் பேரைக் கேட்க வேண்டும். கொழுந்துக் கணக்கிற்கும் இணையக் கணக்கிற்கும் இதுவே முதற் பாடம்.