வார இறுதிப் பாலை

“ரெண்டு நாள் எங்கயாவது அமைதியா இருந்துட்டு வரலாம்பா.” வியாழக்கிழமை சாயங்காலம் சென்னையிலோ பெங்களூரிலோ ஏதோ ஒரு ஜோடி இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். வெள்ளி ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டு வாடகைக் காரில் கிளம்புவார்கள். வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று டோல்கேட் டோல்கேட்டாகத் தாண்டி, விடியும் நேரத்தில் பந்திப்பூர் செக்போஸ்டில் வரிசையில் நிற்பார்கள். காலை ஆறு மணிக்குத்தான் கதவு திறக்கும். ராத்திரியாவது விலங்குகள் நிம்மதியாக ரோட்டைக் கடக்கட்டும் என்று 2009 முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை. அப்புறம் தெப்பக்காடு, மாயாற்றுப் பாலம், மசினகுடி. சென்னையிலிருந்து கிளம்பினால் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். அதுவும் போக மட்டும்.

இந்த ஜோடியைத் திட்ட ஏற்கனவே பெரிய கூட்டம் இருக்கிறது. ரீல்ஸ் எடுக்கப் போகிறார்கள், பாட்டிலை வீசிவிட்டு வருகிறார்கள், குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறார்கள் என்று ஒவ்வொரு சீசனிலும் யாராவது எழுதுகிறார்கள். அதில் பாதிக்கு மேல் உண்மையும்கூட. ஆனால் அந்தக் கும்மியில் சேர்ந்துகொள்ள இதை நான் எழுதவில்லை. என் கேள்வி வேறு. இரண்டு பேர் சும்மா பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எதற்காக ஐநூறு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது? இதைக் கேட்காமல் காட்டைக் காப்பாற்றுவோம் என்று பேசுவது பாதிப் பேச்சு.

*

முதலில் போய்ச் சேரும் இடத்தைப் பார்ப்போம். மசினகுடி இருப்பது சீகூர் பீடபூமியில். ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு. இன்னொரு பக்கம் மாயாற்றின் ஆழமான பள்ளத்தாக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வர நடுவில் மிஞ்சிய இந்த நிலம்தான் வழி. சரிவிலும் ஏற முடியாது, பள்ளத்திலும் இறங்க முடியாது என்றால் யானை வேறு எங்கே போகும்? நாம் “வியூ சூப்பரா இருக்கு” என்று சொல்கிற அதே நில அமைப்பு யானைக்கு ஒரு குறுகலான சந்து. அந்தச் சந்தில்தான் காட்டேஜ் கட்டினோம்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. 2010இல் தமிழக அரசு அந்த யானை வழித்தடத்தை அறிவிக்கை செய்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடுதிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 27 விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு சரிதான் என்று இறுதியாகச் சொல்லியாயிற்று. அறிவிக்கையிலிருந்து இறுதித் தீர்ப்புவரை பத்து வருஷம். அந்தப் பத்து வருஷமும் நாம் ரூம் புக் பண்ணிக்கொண்டுதான் இருந்தோம்.

தீர்ப்பு வந்து மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் ஓர் ஆண் யானை காயத்தோடு இறந்தது. தங்கும் விடுதிப் பக்கம் வந்த அந்த யானைமீது எரியும் டயரை வீசும் வீடியோ அப்புறம் வெளியானது. நாடே பார்த்தது, நாடே அழுதது. டயர் வீசியவர்களைக் கைது செய்தார்கள், சரி. ஆனால் அந்த விடுதி எதை விற்றுப் பிழைத்தது என்று யோசியுங்கள். “யானை நடமாடும் காட்டுக்குள் அமைதியான தங்கல்” என்பதைத்தான் இந்த விடுதிகள் எல்லாமே விற்கின்றன. யானை வேண்டும். ஆனால் வராந்தாவுக்கு வந்துவிடக் கூடாது. தூரத்தில் நிற்க வேண்டும், போட்டோவுக்குள் அடங்க வேண்டும், நாம் தூங்கப் போகும்போது அதுவும் போய்விட வேண்டும். விருந்தாளிக்கு அமைதி வேண்டுமென்றால் யாரோ ஒருவர் யானையை விரட்டியாக வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் அமைதிக்குப் பின்னால் இப்படி ஒரு வேலை நடக்கிறது. நெருப்பு, வேலி, பட்டாசு, டார்ச். காலையில் காபி வரும்போது இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

“உள்ளூர்க்காரங்க பொழப்பு என்ன ஆகும்?” என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. சீல் வைத்தபோது ஜீப் ஓட்டியவர்கள், சமையலுக்குப் போனவர்கள், ரூம் துடைத்த பெண்கள் எல்லாருக்கும் வருமானம் போனது உண்மை. ஆனால் சுற்றுலா வருவதற்கு முன்னும் அங்கே பிழைப்பு இருந்தது. இருளர், குறும்பர், மாடு வளர்த்துச் சாணத்தை எருவாக விற்றவர்கள் என்று அந்தப் பீடபூமிக்குச் சொந்தமாக ஒரு பொருளாதாரம் உண்டு. விடுதிகள் அந்தக் கேள்வியைக் கேட்பது வழக்கில் மட்டும்தான். ஒரு ராத்திரிக்கு வாங்குகிற வாடகைக்கும், அதே அறையைத் துடைக்கிறவருக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றி அவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

*

இப்போது அந்த ஜோடிக்கு வருவோம்.

மலை விடுதி என்றால் “குறிஞ்சி” என்று பெயர் வைப்பதில் நமக்கு ஒரு சொக்கு இருக்கிறது. மலையும் காதலும் சேர்ந்தால் குறிஞ்சித் திணை, பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதானே. ஆனால் குறிஞ்சியில் வரும் பெண் அந்த மலைக்காரி. தினைப்புனத்தில் கிளி விரட்டுகிறாள், அதாவது வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கத்தான் அவன் வருகிறான். செக்-இன், செக்-அவுட் கிடையாது. வார இறுதி ஜோடிக்கும் குறிஞ்சிக்கும் சம்பந்தமே இல்லை.

அவர்களுக்குப் பொருந்துகிற திணை பாலை. ஊரில் அலர் கிளம்புகிறது. வீட்டில் இற்செறிப்பு, பெண்ணை வெளியே விடமாட்டார்கள். வேறு வழியில்லாமல் இருவரும் கிளம்பி வெயிலில் கல்லும் முள்ளுமாகக் கிடக்கிற வழியில் நடக்கிறார்கள். அதற்கு உடன்போக்கு என்று பெயர். பின்னாலேயே செவிலித்தாய் தேடிக்கொண்டு வருகிறாள். வெள்ளிக்கிழமை ராத்திரி நெடுஞ்சாலையில் போகிற காரில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். அலர் வாட்ஸப் குரூப்பில் இருக்கிறது. செவிலி வீடியோ காலில் வருகிறாள்: “எங்கடி இருக்க? கேமராவைத் திருப்பிக் காட்டு.” ஞாயிறு ராத்திரி திரும்பி வந்தாக வேண்டும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறவர்கள் ஊருக்குள் ஒரு ஜோடிக்கு எங்கே இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். பூங்காவில் வாட்ச்மேன் விசில். பீச்சில் போலீஸ்: “அட்ரஸ் சொல்லு, அப்பா நம்பர் குடு.” வாடகை வீட்டில் ஓனர் முதலில் கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்பார், அப்புறம் என்ன ஆளுங்க என்று கேட்பார். பிப்ரவரி 14 வந்தால் நாய்க்கும் கழுதைக்கும் தாலி கட்டிப் போராட்டம் நடத்த அமைப்புகள் இருக்கின்றன. கோவையில், திருமணமாகாத இருவர் தங்கியிருந்ததையும் ஒரு காரணமாகச் சொல்லி ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டையே மூடிச் சீல் வைத்தார்கள். வயது வந்த இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகும் எத்தனை லாட்ஜில் ரிசப்ஷன்காரர் உங்கள் ஆதாரை வாங்கிக்கொண்டு கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்காமல் இருக்கிறார்?

கல்யாணம் ஆனாலும் தப்பித்தோம் என்று இல்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரும் கௌசல்யாவும் கணவன் மனைவியாகத்தான் கடைத்தெருவுக்கு வந்தார்கள். பட்டப்பகலில், ஜனங்கள் நடமாடும் இடத்தில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். உடுமலையிலிருந்து பார்த்தால் ஆனைமலை தெரியும். அந்த மலைக்காட்டில் யானை, சிறுத்தை, புலி எல்லாம் இருக்கின்றன. ஒரு தமிழ் ஜோடிக்கு எந்த இடம் ஆபத்தானது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தச் சமூகம் இருவருக்குத் தர மறுக்கிற தனிமையைத்தான் விடுதிக்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று விலை போட்டு விற்கிறார். “ஹனிமூன் காட்டேஜ்”, “கப்பிள் ஃப்ரெண்ட்லி” என்ற சொற்களெல்லாம் அந்த மறுப்பிலிருந்து பிறந்தவை. ஊர் அந்தத் தனிமையைத் தந்திருந்தால் இவற்றுக்கு ஏது மார்க்கெட்? நம் சாதியும் நம் கலாச்சாரக் காவலும் வைத்த கடனைக் கடைசியில் யானை கட்டுகிறது. காட்டை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பெண் யாரோடு பார்க்கில் உட்கார்ந்திருக்கிறாள் என்று துப்புத் துலக்குகிற பெரியவர்கள் இந்தக் கணக்கில் தங்கள் பங்கு என்ன என்று பார்ப்பது நல்லது.

*

இன்னொரு ஜோடியும் இருக்கிறது. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தி. நகர் ஜவுளிக்கடையில் அவள், எதிர் செல்போன் கடையில் அவன். சனி, ஞாயிறுதான் அவர்களுக்கு உச்சகட்ட வேலை. வேலை நேரத்தில் கடை ஊழியர்கள் உட்காரலாம் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. உட்காரும் உரிமையே இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்றால் வார இறுதி எங்கிருந்து வரும்? அவர்களால் மசினகுடி போக முடியாது. மெரினா மணலில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்வார்கள். அதற்கும் லத்தி வரும். நாமாவது பணத்தைக் கொடுத்து ஓடிவிடுகிறோம். ஓட முடிகிறதால்தான் ஊரை மாற்ற வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அரசும் நீதிமன்றமும் வாகனத்தை எண்ணுகின்றன. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன்வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. வேண்டிய கட்டுப்பாடுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் மலைக்குச் சனி, ஞாயிறு என்று தனியாக இரண்டாயிரம் கார் தாங்கும் சக்தி வந்துவிடுமா? நம் லீவு நாளுக்கு ஏற்ப மலையின் கொள்ளளவு கூடுகிறது. அந்த வரம்பும் மலையை அளந்து போட்டதாகத் தெரியவில்லை, நம்மை அளந்து போட்டதாகத்தான் தெரிகிறது.

போகாதே என்று யாருக்கும் நான் சொல்லப்போவதில்லை. போகிறவர்கள் கொஞ்சம் வெட்கத்தோடு போகலாம். வழித்தடத்துக்குள் இருக்கும் காட்டேஜை விட்டுவிட்டு ஊருக்குள் தங்கலாம். பஸ் இருக்கிறது, பஸ்ஸில் போகலாம். லைசென்ஸ் இருக்கிறதா என்று புக் பண்ணும் முன் ஒரு வார்த்தை கேட்கலாம், பதில் சொல்லத் தடுமாறுகிற இடத்தை விட்டுவிடலாம். ஆனால் இதெல்லாம் சில்லறைத் திருத்தம்.

கேட்க வேண்டியதை ஊரில் கேட்க வேண்டும். மத்தியானத்திலும் பூட்டாத பூங்கா, நிழலில் பெஞ்சு, தண்ணீர் வருகிற கழிப்பறை. உட்கார்ந்திருக்கிற இருவரிடம் உறவு என்ன என்று கேட்கக் கூடாது என்று போலீசுக்கு எழுத்தில் உத்தரவு. 2019 தீர்ப்பின்படி நடக்கிற லாட்ஜ். சாதி கேட்காமல் கிடைக்கிற வாடகை வீடு. கடை ஊழியருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் லீவு. வார்டு கூட்டத்திலும் ஆபீஸிலும் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் இதைப் பேசினால் சண்டை வரும். வரட்டும். ஐநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டத் தெம்பு இருக்கிறவர்களுக்கு அம்மா அப்பாவோடு அரை மணி நேரம் சண்டை போடத் தெம்பு இல்லாமலா போய்விடும்?