41 நாளா, 351 நாளா?

2023ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அதற்குமுன் சிங்கப்பூரில் அதே அளவு வெப்பம் பதிவானது 1983ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தெங்காவில். இத்தகைய நாள்களில் உணவங்காடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் வெயிலைப் பற்றியே பேச்சு இருக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் போதும், அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

அவ்வளவு எளிதில் அடங்கிவிடக்கூடாத ஒரு செய்தி 2024ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. சிங்கப்பூர்ப் பருவநிலை ஆய்வு நிலையம் தனது மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வின் முடிவுகளை அப்போது வெளியிட்டது. வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டும் நாளை அந்த ஆய்வு ‘மிக வெப்பமான நாள்’ என்று குறிப்பிடுகிறது. அத்தகைய நாள்கள் இதுவரை ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 21 இருந்தன. இந்த நூற்றாண்டின் இறுதியில் அவை 41 முதல் 351 வரை உயரக்கூடும் என்கிறது ஆய்வு.

இதைப் படிக்கும் சிலருக்குச் சலிப்பு ஏற்படுகிறது. 41க்கும் 351க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இவ்வளவு பெரிய இடைவெளியை வைத்துக்கொண்டு எதைத் திட்டமிடுவது? இது அறிவியலா, குறி சொல்வதா? இப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால், அந்த இடைவெளியைக் காரணம் காட்டி ஆய்வையே ஒதுக்கித் தள்ளுவது பெரும் தவறு. அந்த ஆய்வின் மிக முக்கியமான செய்தியே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள, இந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்பதை முதலில் அறிய வேண்டும். காற்று, கடல், நிலம், மேகம் ஆகியவை ஒன்றோடொன்று எவ்வாறு இயங்குகின்றன என்பதற்கு இயற்பியல் விதிகள் உள்ளன. அவ்விதிகளைக் கணக்குகளாக்கிக் கணினிக்குக் கொடுப்பதே பருவநிலை மாதிரி. உலகம் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவை எப்படி மாறுகின்றன என்று கணினி கணக்கிடுகிறது.

இங்கேதான் சிங்கப்பூருக்கு ஒரு சிக்கல். உலக அளவிலான பல மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் இருக்கும். சிங்கப்பூரோ கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். முழுத் தீவும் ஒரே கட்டத்திற்குள் மறைந்துவிடும். ஜூரோங்கில் மழை கொட்டும்போது சாங்கியில் வெயில் காய்வதை அந்த மாதிரியால் காட்ட முடியாது. விடியற்காலையில் சுமத்ராவின் பக்கமிருந்து பலத்த காற்றுடன் வரும் மழையும் அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

புள்ளிக் கோலத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஒரு முழ இடைவெளியில் புள்ளி வைத்தால் பெரிய வளைவுகளை மட்டுமே போட முடியும். ஒரு விரற்கடை இடைவெளியில் வைத்தால் மயிலின் தோகையைக்கூட வரையலாம். வட்டாரப் பருவநிலை மாதிரி செய்வதும் அதுதான். உலக மாதிரி தரும் காற்றையும் வெப்பத்தையும் எல்லைகளில் பெற்றுக்கொண்டு, ஒரு வட்டாரத்திற்குள் மட்டும் புள்ளிகளை நெருக்கமாக வைத்துக் கணக்கிடுகிறது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாவது தேசிய ஆய்வில் கட்டத்தின் அளவு 12 கிலோமீட்டராக இருந்தது. மூன்றாவது ஆய்வில் தென்கிழக்காசியாவுக்கு 8 கிலோமீட்டர். சிங்கப்பூருக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கும் 2 கிலோமீட்டர்.

இதற்குச் செலவு குறைவன்று. புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், புள்ளிகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். கணக்கிடும் கால இடைவெளியையும் பாதியாகக் குறைக்க வேண்டும். ஆகவே, கணினியின் வேலை ஏறத்தாழ எட்டு மடங்கு கூடுகிறது. சாதாரணக் கணினிகளால் அதைச் செய்ய முடியாது. மீத்திறன் கணினிகள் தேவை. உலக மாதிரிகளின் முடிவுகளே இலவசமாகக் கிடைக்கும்போது, சிறிய நாடு ஒன்று ஏன் இதற்குச் செலவிட வேண்டும் என்று கேட்போருக்கு விடை இதுதான்: தீவையே பார்க்க முடியாத கணக்கை வைத்துக்கொண்டு தீவைக் காக்க முடியாது.

அந்தக் கணக்கை எப்படி நம்புவது? மாதிரியை முதலில் கடந்த காலத்தைக் கணக்கிடச் செய்கிறார்கள். அது சொல்லும் மழையையும் வெப்பத்தையும் வானிலை நிலையங்களின் பதிவுகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நேற்றைச் சரியாகச் சொல்லத் தெரியாத மாதிரிக்கு நாளையைப் பற்றிப் பேசும் தகுதி இல்லை. இந்தச் சோதனைதான் அறிவியலையும் குறி சொல்வதையும் பிரிக்கிறது.

அப்படியானால், 41க்கும் 351க்கும் இடையே ஏன் இத்தனை பெரிய வேறுபாடு? ஒரு மருத்துவர், நீரிழிவு உள்ளவரிடம் என்ன சொல்வார்? “உணவைக் கட்டுப்படுத்தி, தினமும் நடந்தால் நலமாக இருக்கலாம். இப்படியே விட்டால் கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்” என்பார். அவர் இரண்டு விதமாகப் பேசுவதால் அவருக்கு மருத்துவம் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. பருவநிலை ஆய்வாளர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். உலகம் கரிம வெளியேற்றத்தை விரைவாகக் குறைத்தால் ஒரு விளைவு. குறைக்காமல் கூட்டிக்கொண்டே போனால் வேறொரு விளைவு. நாளை மழை வருமா என்று சொல்வது முன்னறிவிப்பு. ‘இப்படி நடந்தால் இப்படி ஆகும்’ என்று சொல்வது முன்கணிப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

இடைவெளி முழுவதுக்கும் மனிதர்களின் செயலே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மாதிரிக்கு மாதிரி விடை சற்று வேறுபடுகிறது. இடிமழை மேகங்களைக் கணக்கில் கொண்டுவருவது இன்னும் கடினமாகவே உள்ளது. இந்தக் குறைகளை ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இருப்பினும், தாழ்ந்த எண்ணையும் உயர்ந்த எண்ணையும் இவ்வளவு தூரம் பிரித்து வைப்பதில் பெரும்பங்கு, மனிதர்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கே உண்டு.

இடைவெளி இருந்தாலும் திட்டமிட முடியும் என்பதற்குக் கடலோரமே சான்று. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. 2100ஆம் ஆண்டுக்குள் கடல்மட்டம் 0.23 மீட்டர் முதல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது மூன்றாவது ஆய்வு. வெளியேற்றம் மிகுந்தால் 2150ஆம் ஆண்டுக்குள் அந்த உயர்வு ஏறத்தாழ 2 மீட்டரை எட்டலாம். சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் கடல்மட்டத்திலிருந்து 5.5 மீட்டர் உயரத்தில் அமையத் திட்டமிடப்பட்டுள்ளது. கடல் சரியாக எவ்வளவு உயரும் என்று தெரிந்த பிறகு கட்டலாம் என யாரும் காத்திருக்கவில்லை. உயர்ந்த எண்ணை மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று முன்னோர் சொன்னதும் இதைத்தான்.

கடலுக்குத் தடுப்பு கட்டலாம். வெயிலுக்குச் சுவர் எழுப்ப முடியாது. அதனால் வெப்பம் பற்றிய எண்களை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். பகல் மட்டுமின்றி இரவும் சூடாகிவருகிறது. குறைந்தபட்ச வெப்பநிலை 26.3 டிகிரிக்கு மேல் இருக்கும் இரவுகள் ஆண்டுக்குச் சராசரியாக 76 இருந்தன. வெளியேற்றம் மிகுந்தால், நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ எல்லா இரவுகளுமே அப்படி ஆகலாம். பகலில் வெயிலில் உழைத்த உடல் இரவில்தான் தணிகிறது. இரவும் தணியாவிட்டால் முதியவர்களும் வெளிப்புற வேலை செய்பவர்களுமே முதலில் துன்பப்படுவார்கள்.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு ஒரு விதியை அறிவித்தது. வெப்பநிலையோடு ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32 டிகிரியை எட்டினால், வெளியில் கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்கு ஒருமுறை குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும். நல்ல விதி. ஆனால், அது இன்றைய வெயிலுக்கானது. தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்து கட்டுமானத் தளங்களில் உழைப்பவர்கள், ஆண்டில் 41 நாள்கள் மிக வெப்பமாக இருந்தால் சமாளிக்கலாம். ஏறத்தாழ ஒவ்வொரு நாளுமே அப்படி இருந்தால், ஓய்வு நேரத்தைக் கூட்டினால் மட்டும் போதுமா? வேலை நேரத்தையே மாற்ற வேண்டுமா? பள்ளித் திடலில் உடற்கல்வி எப்போது நடக்கும்? இக்கேள்விகளை இப்போதே எழுப்புவதற்குத்தான் முன்கணிப்பு தேவை.

இன்னொரு மறுப்பும் உண்டு. உலகின் மொத்த வெளியேற்றத்தில் சிங்கப்பூரின் பங்கு ஏறத்தாழ 0.1 விழுக்காடுதான். அப்படியிருக்க, இந்தத் தீவு என்ன செய்தாலும் 351 என்பது 41 ஆகிவிடுமா? தனியாக ஆகாது என்பது உண்மை. ஆனால், குறைந்த பங்கு உள்ளவர் எல்லாரும் ஒதுங்கி நின்றால், குறைக்க யாரும் மிஞ்சமாட்டார்கள். மேலும், 8 கிலோமீட்டர் கட்டங்களில் செய்யப்பட்ட கணக்கு தென்கிழக்காசியாவின் மற்ற நாடுகளுக்கும் பயன்படக்கூடியது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு, அண்டை நாட்டு வயல்களின் மழையும் சொந்த வீட்டுக் கவலைதான்.

ஆகவே, இத்தகைய ஆய்வுகளுக்குத் தொடர்ந்து செலவிடுவது வீண் அன்று. அதோடு, ஓர் எண் இடைவெளியை எப்படிப் படிப்பது என்பதைப் பள்ளிகளிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும். ஒற்றை எண்ணை எதிர்பார்ப்பவர் அது கிடைக்காதபோது முழு ஆய்வையும் நம்ப மறுக்கிறார். இடைவெளியைப் படிக்கத் தெரிந்தவரோ, எந்த முனையை நோக்கி நகர வேண்டும், எந்த முனைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

இன்று உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர்களுக்கு 2100ஆம் ஆண்டில் 90 வயது நெருங்கியிருக்கும். மிக வெப்பமான நாள்கள் அந்த ஆண்டில் எத்தனை என்பதைச் சிலர் நேரில் எண்ணிப் பார்க்கவும்கூடும். அந்த எண் 41க்கு அருகில் இருக்குமா, 351க்கு அருகில் இருக்குமா என்பதைக் கணினி இன்னும் முடிவு செய்யவில்லை. அது முடிவு செய்யவும் முடியாது. அந்த முடிவு மனிதர்களின் கையில்தான் இருக்கிறது.