நினைவு மலர் மட்டும் போதுமா?

மலையகத்திலே நினைவு மலர்களுக்குப் பஞ்சமில்லை. ஐம்பதாண்டு கண்ட பள்ளியும் நூறாண்டு கண்ட பள்ளியும் விழா எடுக்கின்றன. கொழும்பிலும் இலண்டனிலும் கனடாவிலும் வாழும் பழைய மாணவர்கள் ஒன்றுகூடுகின்றனர். ஹட்டனின் பனிமூட்டமும், பள்ளி மணியோசையும், பிரம்பேந்திய ஆசிரியரும் கட்டுரைகளிலே மீண்டும் உயிர் பெறுகின்றனர். நன்று, படித்த பள்ளியை மறப்பது நன்றி கொன்ற செயல். ஆயினும், நினைவு என்னும் பெயரால் வரலாறு மூடி மறைக்கப்படுமானால், அதனைக் கைகட்டிப் பார்த்திருக்க நம்மால் இயலாது.

“வெள்ளைத் துரை தோட்டந்தோறும் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தான், அது பொற்காலம்” என்று எழுதுவாருளர். மனமுவந்தா கொடுத்தான்? 1907ஆம் ஆண்டின் கிராமப் பள்ளிச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும் அதற்கோர் அறை ஒதுக்குவதும் தோட்ட அதிகாரியின் கடமை எனக் கட்டளையிட்டது. சட்டம் கேட்டது ஓர் அறை. பெரும்பாலான தோட்டங்கள் தந்ததும் அவ்வளவே. ஓர் ஆசிரியர், ஒரே அறை, எல்லா வகுப்பும் ஒரே இரைச்சல். பத்து வயதுக்குப் பின்? பெண்பிள்ளைக்குக் கொழுந்துக் கூடை, ஆண்பிள்ளைக்கு மண்வெட்டி.

மண்ணோடு பழகிய விவசாயிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்திலே தவறணை என்று ஒன்றுண்டு. இளங்கன்றுக்கு அங்கே நிழற்பந்தல் உண்டு, அளந்து விடும் நீருண்டு, காவல் உண்டு. தேயிலைக் கன்றுக்குக் காட்டிய கரிசனத்திற் பாதியையேனும் தொழிலாளியின் குழந்தைக்குக் காட்டியிருந்தால், மலையகத்தின் கதை வேறாக இருந்திருக்குமன்றோ?

துரை போனான், சுதந்திரம் வந்தது, நிலைமை மாறியதா? 1945இல் இலவசக் கல்வி மலர்ந்தது. அதன் மணம் தோட்ட எல்லையோடு நின்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமை போயிற்று. 1952இல் அக்காங்கிரசின் சார்பில் ஒருவர்கூட அங்கே இல்லை. வாக்கற்றவனின் பிள்ளைக்கு யார் பள்ளி கட்டுவார்? 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் உதவி பெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் புறத்தே நின்றன. தோட்டங்கள் நாட்டுடைமையான பின்னரே, 1977 முதல், அவை சிறிது சிறிதாக அரசின் கைக்கு வந்தன. 1907 முதல் 1977 வரை எழுபது ஆண்டுகள்! இதுவா பொற்காலம்?

அப்படியாயின் அப்பள்ளிகள் மீது நமக்குள்ள பாசம் பொய்யா? பொய்யன்று. அது யாருக்கு உரியது என்பதே கேள்வி. 1884இல் புகைவண்டி ஹட்டனை எட்டியது. 1892இல் மெதடிஸ்த மிசன் தொடங்கிய பள்ளி ஹைலண்ட்ஸ் கல்லூரியாக வளர்ந்தது. டிக்கோயாவிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் கொட்டகலையிலிருந்தும் அந்நகரத்துப் பள்ளிகளுக்கு மழையிலும் குளிரிலும் நடந்து வந்த பிள்ளைகளுக்குப் பின்னே, காதிற் கிடந்த தோட்டை அடகு வைத்த தாய்மார் இருந்தனர். குறைந்த ஊதியத்திலே, விளக்கொளியில் இரவுப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் இருந்தனர். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து சட்டசபை சென்று தொழிலாளிக்காக வாதாடிய கோ. நடேசையரைப் போன்றோர் இருந்தனர். பள்ளியை வாழவைத்தவர்கள் இவர்கள். மாலை இவர்களுக்கே உரியது, துரைக்கன்று.

இன்று அச்சூழலே உருமாறிவிட்டது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கம் எழுந்தது. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரையே விழுங்கியது. நீர் வற்றும் காலத்திலே பழைய வழிபாட்டிடங்கள் தலைகாட்டுகின்றன. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் திறக்கப்பட்டது. மலையக நீரிற் பிறந்த மின்சாரம் நாடெங்கும் ஒளி பரப்பியது. லயங்களோ நெடுங்காலம் குப்பி விளக்கிலே கிடந்தன. ஆறு திசை மாறியது, ஊர் இடம் மாறியது, நகரம் மாடி மேல் மாடியாக வளர்ந்தது. ஒன்று மட்டும் பல இடங்களில் மாறவில்லை. பள்ளியின் வாசற்படி வரை தேயிலைச் செடி! ஏக்கர் ஏக்கராகப் பச்சை விரிந்திருக்க, பிள்ளைகள் ஓடியாட ஒரு துண்டு நிலமில்லை. 1992 முதல் தோட்டங்களை நடத்துபவை கம்பனிகள். ஆய்வுகூடத்திற்கு இடம் வேண்டுமானாலும் அவற்றின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்?” என்பார் சிலர். ஆறிய புண்ணாயின் கிளறோம். உயர்தரத்திலே விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆசிரியரின்றிக் கலைப்பிரிவுக்குத் தள்ளப்படும் மாணவரைப் பாருங்கள், புண் ஆறிற்றா? முயன்றால் முடியும் என்பதற்கும் சான்றுண்டு. சுவீடன் நாட்டு உதவியால் தோட்டப் பள்ளிகளிலே கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றியது. அந்நியர் செய்ததை நாம் தொடரலாகாதா?

ஆகவே, பழைய மாணவர்களே! மருத்துவர்களே, கணக்காளர்களே, ஆசிரியர்களே, மரக்கறி விளைவிக்கும் உழவர்களே! விழா எடுங்கள், வேண்டாமென்று நாம் சொல்லோம். ஆனால் மலரின் முதற்பக்கத்திலே ஒரு கோரிக்கையை அச்சிடுங்கள். தோட்டப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் அளந்து வேலியிட்ட சொந்த நிலம், அதற்குச் சட்டப்படியான உறுதி, விஞ்ஞான ஆசிரியர் வரும்வரை வாரம் ஒரு நாள் உங்களுள் ஒருவரின் பாடம். அரசையும் கம்பனியையும் கூட்டாக நின்று கேளுங்கள். தனித்தனியே கேட்டால் காற்றோடு போகும்.

கண்ணீரால் மலர் நனையும், பள்ளி வளராது. பள்ளிக்கு வேண்டியது நிலம், ஆசிரியர், உங்கள் குரல். அம்மூன்றையும் தருவோரே தாம் படித்த பள்ளியை நேசித்தவராவர்.