பதினாறுக்குப் பிறகு

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு சாவு விழுந்தால் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. மரணாதாரச் சங்கத்துக்காரர்கள் கூடாரத்தையும் கதிரைகளையும் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்துவிடுவார்கள். குழி வெட்ட நாலு பேர், தேத்தண்ணி ஊற்ற நாலு பேர். மாதாமாதம் கட்டிய சந்தாவிலிருந்து ஒரு தொகை வீட்டுக்காரர் கைக்கு வரும். பெட்டியைச் சுமந்துகொண்டு தேயிலைக்கு நடுவே வழுக்குப் பாதையில் ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். கம்பெனி தராததை இந்த மக்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

அந்தச் சங்கத்தின் வேலை கருமாதியோடு முடிந்துவிடுகிறது. என் ஆதங்கம் அங்கேதான்.

பெரட்டுக்குப் போய்ப் பேர் போட்டால்தான் சம்பளம். புருஷனைப் பறிகொடுத்தவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவளும் மகனைக் குழியில் வைத்தவளாக இருக்கலாம். "சாப்பிட்டியா அக்கா?" அதோடு பேச்சு நின்றுவிடும். பேசி நின்று கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். புண்ணைக் கிளறக் கூடாது என்ற நல்ல எண்ணமும் உண்டு. ஆனால் செத்தவர் பேரைச் சொல்லி அழ அவளுக்கு இடமில்லை. இருப்பது ஒரே காம்பரா. பிள்ளைகள் பார்ப்பார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் கேட்கும். ஆண்களுக்கோ சாராயக் கடை ஒன்றுதான் திறந்திருக்கிறது.

ஊவாப் பக்கம் கொஸ்லந்தையில், 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தை மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. பலரது உடல் கிடைக்கவே இல்லை. உடலைக் காணாத வீட்டில் எட்டை எப்படி எண்ணுவது, பதினாறை எப்படி எண்ணுவது? தப்பியவர்களுக்கு மாகல்தெனியவில் வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. வீடு கேட்டு எத்தனையோ குரல்கள் எழுந்தன, எழத்தான் வேண்டும். இழந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச ஓர் ஏற்பாடு வேண்டும் என்று எந்த மேடையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அப்படியோர் ஏற்பாடு வேறொரு நாட்டில் பிறந்தது. 1968இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரி ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுவர்கள் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். அந்தப் பெற்றோர் ஒருவரையொருவர் தேற்றியதுபோலத் தன்னால் தேற்ற முடியாது என்று கண்டார் சைமன் ஸ்டீவன்ஸ் என்ற இளம் பாதிரியார். அடுத்த ஆண்டே பிள்ளைகளை இழந்தவர்களுக்காக 'கம்பாஷனேட் பிரெண்ட்ஸ்' என்ற அமைப்பு தொடங்கியது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. இலங்கையிலும் 1974 முதல் 'சுமித்ரயோ' மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கிறது. ஆனால் லயத்துப் பெண் டவுனுக்குப் போய்வர ஒரு நாள் பேர் போய்விடும். அதனால் இழந்தவர்கள் கூடிப் பேசுவது தோட்டத்துக்குள்ளேயே நடக்க வேண்டும்.

மரணாதாரச் சங்கத்திடம் செத்தவர்களின் பேர் எழுதிய கொப்பி இருக்கிறது. எந்த வீட்டில் இழப்பு என்று அதைப் புரட்டினாலே தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கோயில் மண்டபத்தையோ பிள்ளை மடுவத்தையோ திறந்துவிட்டால் போதும். புத்தி சொல்ல யாரும் வேண்டாம். "விதி" என்று வாயடைக்கவும் வேண்டாம். முன்னால் இழந்த ஒருத்தி, புதிதாக இழந்தவளைப் போய்க் கூட்டிவர வேண்டும். தானாக உயிரை விட்டவர்களின் வீட்டுக்கு முதலில் போக வேண்டும், வெட்கப்பட்டு அவர்கள் வரமாட்டார்கள். சங்கக் கமிட்டிகளில் பெரும்பாலும் ஆண்கள்தான்; இந்தப் பொறுப்பைப் பெண்களிடம் கொடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் சந்தாக் கணக்கு வாசித்து முடித்ததும் இதை எடுத்துப் பேசுங்கள், தலைவர்மாரே.