மலைக்கும் வேண்டும் தடைக்காலம்

ஏப்ரல் 15 வந்தால் காசிமேட்டில் லாஞ்சுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிடும் காலம். சிலர் வலை பொத்துவார்கள், சிலர் இன்ஜினைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்ப்பார்கள். கையில் நாலு காசு மிச்சமிருக்கும் குடும்பம், பிள்ளைகளுக்கும் லீவு என்பதால், வேன் பிடித்து ஊட்டிக்கோ மூணாறுக்கோ கிளம்பிவிடும். கடலுக்கு ஓய்வு கொடுத்த கையோடு கூட்டமாக மலையேறுகிறோம். திருவொற்றியூரிலிருந்து நாங்களும் ஒரு தடைக்காலத்தில் அப்படித்தான் இரவிகுளம் போனோம்.

மூணாறை ஒட்டிய இரவிகுளம் 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதற்குள்தான் இருக்கிறது. சொந்த வண்டியைக் கீழேயே விட்டுவிட வேண்டும். வனத்துறை பஸ்ஸில்தான் ராஜமலைக்கு ஏறலாம். இறங்கினால் நடக்க ஒரே சாலை. வரையாடுகள் அந்தச் சாலையோரத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. முதுகில் வெள்ளி நிறத் திட்டோடு ஒரு கிடா எங்கள் கூச்சலுக்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மார்ச்சுல வந்திருந்தீங்கன்னா கேட்டோட திரும்பியிருப்பீங்கண்ணே. குட்டி போடுற சீசன். ரெண்டு மாசம் பூட்டிருவாங்க" என்றார் பஸ் ஓட்டியவர், தேயிலைத் தோட்டத்துத் தமிழர்.

"அட, இங்கயும் தடைக்காலமா?" என்றார் காசிமேட்டில் லாஞ்சு ஓட்டும் என் மாமா. அதற்குமேல் அவருக்கு யாரும் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை.

அந்தப் பூட்டுக்குப் பலன் இருக்கிறது. 2025-ல் கேரளமும் தமிழகமும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 வரையாடுகள்: கேரளத்தில் 1,365, நம்மிடம் 1,303. இரவிகுளத்தில் மட்டுமே 800-க்கு மேல். வரையாட்டுக்கு வேண்டிய புல்வெளியும் அதை ஒட்டிய சோலைக்காடும்தான் மழையைப் பிடித்துவைத்து ஓடைகளாக விடுகின்றன. அவற்றில் சில பாம்பாறு வழியாக நம் அமராவதிக்கு வந்து சேர்கின்றன.

தமிழகத்தில் மலைக்கூட்டம் பற்றிப் பேச்செடுத்தாலே மலை ஊர்களுக்குப் போகும் வண்டிகளுக்கான இ-பாஸ்தான் நினைவுக்கு வருகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். ஊருக்குள் நெரிசல் குறைய அது உதவும். ஆனால் ஈன்ற ஆட்டுக்கு முன்னால் 6,000-ஆவது வண்டி வந்து நின்றாலும் தொல்லைதான். வால்பாறை மலைச்சாலைக்குப் போய்ப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடு நின்றால் போதும், கார்கள் நிற்கும், செல்போன்கள் நீளும், சிப்ஸ் பாக்கெட் பிரியும். கொம்பைப் பிடித்துப் படமெடுத்துக் கைதானவர்களும் உண்டு.

"பூட்டினால் எங்கள் பிழைப்பு?" என்று ஜீப் ஓட்டுநரும் டீக்கடைக்காரரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2001-ல் 45 நாளாகத் தடைக்காலம் வந்தபோதும், 2017-ல் அது 61 நாளாக நீண்டபோதும் எங்கள் குப்பங்களில் இதே கேள்விதான். இரண்டு ஏற்பாடுகளால்தான் அதைத் தாங்க முடிந்தது. ஒன்று, அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. போதாது, ஆனாலும் தருகிறது. இன்னொன்று, தடை விசைப்படகுக்குத்தான். கட்டுமரமும் சிறு ஃபைபர் படகும் போகலாம். மலையிலும் அப்படியே செய்யலாம். ஊட்டி நகரத்தையோ கொடைக்கானல் ஏரியையோ யாரும் பூட்டச் சொல்லவில்லை. உச்சிப் புல்வெளிகளுக்குப் போகும் சுற்றுலா வண்டிகளும் மலையேற்றமும் நின்றால் போதும். காட்டிலேயே வாழும் பழங்குடிகள் மேல் அந்தத் தடை விழக் கூடாது.

ஓய்வே கிடைக்காத இடம் என்ன ஆகும் என்பதற்கு வடசென்னையிலேயே சாட்சி இருக்கிறது. எண்ணூர் கழிமுகத்தில் இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளர்ந்த இடங்களில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து பரவியது. நீர்நிலையாயிற்றே என்று யாரும் அங்கே கை வைக்கத் தயங்கவில்லை. இன்று அங்கே வலை வீசுகிறவருக்கு நஷ்டக் கணக்குதான் மிஞ்சுகிறது. மலையும் அந்த நிலைக்கு வந்தபின் விழித்துக்கொண்டு பயனில்லை.

மாநில விலங்கான வரையாட்டைக் காக்க 25.14 கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் திட்டத்தை 2022-ல் அறிவித்தது தமிழக அரசு. கணக்கெடுப்பு, காலர் பொருத்துதல், புல்வெளியைக் கெடுக்கும் சீகை மரங்களை அகற்றுதல் எல்லாம் நல்லதே. திட்டம் முடிவதற்குள் இன்னொன்றையும் அரசு செய்துவிட வேண்டும். ஆனைமலை, முக்குருத்தி, கொடைக்கானல் உச்சிப் பகுதிகளுக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களை நிரந்தரத் தடைக்காலமாக அரசாணை மூலம் அறிவிக்க வேண்டும். வருமானம் இழப்பவர்களுக்கான நிவாரணமும் அதே ஆணையில் இருக்க வேண்டும். வருஷா வருஷம் நீதிமன்றம் சொல்லிக் கடைசி வாரத்தில் அமல்படுத்தினால் சண்டைதான் வரும். தேதி முன்கூட்டியே உறுதியாகிவிட்டால் ஓட்டல்காரரும் ஜீப்காரரும் அதற்கேற்பத் தொழிலைத் திட்டமிட்டுக்கொள்வார்கள். ஏப்ரல் 15-ஐ நம்பித்தான் காசிமேட்டில் கடனும் கல்யாணமும் தேதி குறிக்கப்படுகின்றன.